தூண் சொன்ன உயரம்

அந்தச் சனிக்கிழமை காலையில் நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ஏழே முக்காலுக்கு, ராயபுரத்தில் நான் படித்த பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தேன். காவலாளி கேட்டைத் திறந்துவிட்டு டீ குடிக்கக் கிளம்பினார்.

2. கீழ்த்தள வராந்தாவில், விளையாட்டுச் சாமான்கள் அறைக்கு வெளியே இருக்கும் மூன்றாவது தூணுக்கு முன்னால் பையை இறக்கினேன். அந்தத் தூணில் பித்தளைக் கோடுகள் பதித்த தேக்குச் சட்டம் ஒன்று திருகாணிகளால் முடுக்கப்பட்டிருக்கிறது. அடி, அங்குலக் கணக்கு. பக்கத்தில் பிற்காலத்தில் யாரோ பெயின்ட்டில் எழுதிய சென்டிமீட்டர் எண்கள். பள்ளியில் எல்லாருடைய உயரத்தையும் அதில்தான் அளப்பார்கள்.

3. எஃகு டேப்பின் நுனியைத் தரையில் ஊன்றி, ஐந்தடிக் கோடுவரை இழுத்தேன். ஐந்தடி என்றால் 152.4 சென்டிமீட்டர். டேப் 147.2 காட்டியது.

4. டேப்பைச் சந்தேகப்பட்டேன். பையிலிருந்த இன்னொரு டேப்பால் அளந்தேன். 147.2.

5. என்னைச் சந்தேகப்பட்டேன். தண்ணீர் குடித்துவிட்டு மூன்றாம் முறை அளந்தேன். 147.2.

6. கடைசியாக, அதுவரை பார்க்காமல் தவிர்த்த தரையைப் பார்த்தேன். சாம்பல் நிற டைல்ஸ். கோடை விடுமுறையில் போட்டது. நான் படித்தபோது அங்கே இருந்தது சிவப்புத் தரை.

7. தூணில் முதுகைச் சாய்த்து, அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டேன்.

டைல்ஸ் குளிர்ச்சியாக இருந்தது. வெளியே துறைமுகம் போகும் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுகொண்டு ஹாரன் அடித்தன. ஐந்து புள்ளி இரண்டு சென்டிமீட்டர். தரை அவ்வளவு மேலே வந்திருந்தது. அதன்மேல் நின்ற ஒவ்வொரு பிள்ளையும் அவ்வளவு வளர்ந்ததாக மருத்துவ அட்டையில் எழுதியாகிவிட்டது.

ஒரு டிக்

இந்தத் தொடரைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் வேலை தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வரி: மருத்துவமனைகளில் இருக்கும் எடை இயந்திரம், ரத்த அழுத்தக் கருவி, தெர்மாமீட்டர் எல்லாம் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதித்து, சரியென்றால் பச்சை ஒட்டுவில்லை ஒட்டுவது. படித்ததும் மருத்துவக் கருவிகளைப் பற்றித்தான். போன வாரம்வரை நான் எழுதிய தப்புகள் எல்லாம் கருவிகளுடையவை. இந்த வாரம் எழுதுவது என்னுடையது.

ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்தில் தலைமையாசிரியை போன் செய்தார். மாணவர்களைப் பரிசோதிக்க மருத்துவக் குழு வரப்போகிறது, அதற்கு முன் எடை இயந்திரத்தை ஒருமுறை பார்த்துத் தர முடியுமா என்று கேட்டார். அலுவலகத்தில் அனுமதி வாங்கி, எடைக்கற்கள் நிறைந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். இயந்திரம் நானூறு கிராம் குறைவாகக் காட்டியது. சரிசெய்தேன். ஒட்டுவில்லை ஒட்டினேன். அதுவரை எல்லாம் ஒழுங்கு.

என் படிவத்தில் அடுத்த வரி, உயர அளவுகோல்.

அப்போது பக்கத்தில் நின்றவர் மொய்தீன் சார். உடற்கல்வி ஆசிரியர். வண்ணாரப்பேட்டைக்காரர். நான் ஆறாவது படித்தபோது எனக்கு ஓடக் கற்றுக்கொடுக்க முயன்று கைவிட்டவர்.

"தூணுக்குமா டெஸ்ட்டு? நீ பொறக்கறதுக்கு முன்னாலருந்து நின்னுகினு கீது. அது இன்னா, உன்னாட்டம் லேட்டா வருதா, சீக்கிரம் போவுதா?" என்றார்.

சிரித்தேன். டிக் போட்டேன். அளக்கவில்லை.

ஏன் என்று பிற்பாடு நானே ஒரு பட்டியல் எழுதிப் பார்த்தேன். ஒன்று, தூண் நகராது. இரண்டு, பேட்டரி, ஸ்பிரிங், சென்சார் எதுவும் இல்லாத பொருள் பழுதாகும் என்று எனக்கு யாரும் பாடம் எடுத்ததில்லை. மூன்று, மணி பன்னிரண்டரை, பசி, விம்கோ நகர் போகும் மெட்ரோவைப் பிடிக்க வேண்டும். நான்கு, என்னையே ஏழு வருடம் அந்தத் தூணில்தான் அளந்தார்கள். நான்காவதுதான் உண்மையான காரணம் என்று நினைக்கிறேன்.

தலைமேல் அகராதி

எங்கள் காலத்தில் உயரம் அளக்கும் நாள் ஒரு சின்னத் திருவிழா. மொய்தீன் சார் நூலகத்திலிருந்து கனமான அகராதி ஒன்றை எடுத்து வருவார். தூணோடு ஒட்டி நிற்கவைத்து, தலைமேல் அதை வைத்து அழுத்துவார். எண்ணெய் தேய்த்த தலைகள் எத்தனையோ பட்டு, அதன் அட்டை பளபளவென்று இருக்கும்.

கொண்டை போட்டிருந்தால் அவிழ்க்க வேண்டும். ரிப்பனைப் பல்லில் கடித்துக்கொண்டு நிற்போம். சாக்ஸுக்குள் கைக்குட்டையை மடித்து வைக்கிற கூட்டம் ஒன்று இருந்தது. சார் முகத்தைப் பார்க்க மாட்டார், குதிகாலைத்தான் பார்ப்பார். "இன்னாடி, கால்ல குஷன் சீட்டா?" என்று கேட்டதும் வரிசை முழுக்கச் சிரிக்கும்.

நான் எப்போதும் நடுவில் வருவேன். நெட்டையும் இல்லை, குட்டையும் இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது.

நனைந்த பதிவேடு

டிசம்பர் மழையில் பள்ளிக்குள் முழங்கால்வரை தண்ணீர் வந்தது. அதனால்தான் கோடையில் தரையை உயர்த்தினார்கள். அதே தண்ணீரில் அலுவலக அறை மரப்பீரோவின் கீழ்த்தட்டும் நனைந்தது. அதிலிருந்த பழைய பதிவேடுகளை மொட்டை மாடியில் காயவைத்தார்கள். ஆகஸ்டில் தலைமையாசிரியை பழைய மாணவர்களைக் கேட்டுக்கொண்டார்: ஆளுக்கொன்று எடுத்து, படம் பிடித்து, தட்டச்சு செய்து தாருங்கள், கரையான் மிச்சம் வைக்காது.

மற்றவர்கள் சேர்க்கைப் பதிவேடு, பரிசளிப்புப் பட்டியல் என்று எடுத்துக்கொண்டார்கள். நான் எடுத்தது மாணவர் மருத்துவப் பரிசோதனைப் பதிவேடு. ஏறக்குறைய நூறு வருடப் பழசு. கட்டம் கட்டமாக இருந்ததால் பிடித்திருந்தது.

அப்போது அது பையன்கள் மட்டும் படித்த பள்ளி. ஒரு பையனுக்கு ஒரு வரி. அந்த வரி இரண்டு பக்கமும் தாண்டி ஓடும். பெயர், வயது, தகப்பன் தொழில், உயரம், எடை, மார்பளவு, பல், டான்சில், மண்ணீரல், கண், காது, குறிப்பு. எல்லாம் ஆங்கிலத்தில், மெல்லிய நிப்பில் சாய்ந்த எழுத்து. தகப்பன்மார்கள் துறைமுகக் கூலிகள், ரயில் எஞ்சினில் கரி அள்ளிப் போடுபவர்கள், தோல் மண்டிக் கணக்கப்பிள்ளைகள், உப்பு இலாகா சேவகர்கள், கோர்ட்டு வாசலில் மனு எழுதுபவர்கள்.

சனிக்கிழமைகளில் விம்கோ நகர் வீட்டில் உட்கார்ந்து, ஒரு கையால் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தட்டினேன். சொத்தைப் பல். டான்சில் வீக்கம். மண்ணீரல் தட்டுப்படுகிறது. காதில் சீழ். ஈரம் காய்ந்த காகிதத்துக்குப் பழைய அரிசிச் சாக்கின் வாசனை இருந்தது.

பரிசோதனை நாளன்று வராதவர்கள் பட்டியல் ஒவ்வொரு வருடமும் நீளமாக இருந்தது. ஏன் என்று பதிவேடு சொல்லவில்லை. ஊசி போடப்போகிறார்கள் என்று எவனாவது கிளப்பிவிட்டிருப்பான். என் வகுப்பிலும் அதே வதந்தியில் நாலு பேர் சுவர் ஏறிக் குதித்தார்கள்.

கடைசிக் கட்டத்தின் தலைப்பு, 'பெற்றோர் எடுத்த நடவடிக்கை'. பையனுக்கு ஏதாவது கோளாறு என்றால் வீட்டுக்கு ஒரு சீட்டு போகும். அதுவும் ஆங்கிலத்தில். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற தகப்பன் அதை என்ன செய்திருப்பார் என்று தெரியவில்லை. அந்தக் கட்டம் பெரும்பாலும் காலி. ஒரு பையனுக்கு இடது கண் பார்வைக் குறைவு என்று நான்கு வருடம் தொடர்ந்து எழுதியிருக்கிறார்கள். நான்கு சீட்டு. நான்கு காலிக் கட்டம். ஐந்தாம் வருடம் அவன் பெயர் இல்லை.

தட்டச்சு செய்வதை அந்த இடத்தில் நிறுத்திவிட்டு ஒரு டீ போட்டுக் குடித்தேன்.

சிவப்பு மை

டீக்குப் பிறகு திருப்பிய பக்கத்தில் உயரக் கட்டம் முழுவதும் சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது.

ஒரு முழு வருடத்து உயரங்கள். ஒவ்வோர் எண்ணின்மீதும் ஒரே நேரான கோடு. கீழே இருக்கும் எண் படிக்கத் தெரிகிறமாதிரி. பக்கத்தில் புது எண். ஒவ்வொன்றும் இரண்டு அங்குலம் குறைவு.

அந்த வருடக் குறிப்பில் டாக்டர் முதலில் எழுதியிருந்தது: 'வளர்ச்சியில் நல்ல முன்னேற்றம். டிரில் வகுப்புகளின் பயன்.' அதையும் சிவப்பில் அடித்து, கீழே இப்படி எழுதியிருந்தார்: 'வராந்தாத் தரை இரண்டு அங்குலம் உயர்த்தப்பட்டதை நான் கவனிக்கவில்லை. அளவுகோல் கழற்றி மேலே பொருத்தப்பட்டது. எல்லாரும் மீண்டும் அளக்கப்பட்டார்கள்.' அதன் கீழே ஒரு கையெழுத்து. அதைப் படிக்க முடியவில்லை.

இரண்டு முறை வாசித்தேன். கோடையில் போட்ட டைல்ஸ் நினைவுக்கு வந்தது. ஜூனில் நான் போட்ட டிக் நினைவுக்கு வந்தது. மறுநாள் ஞாயிறு, பள்ளி பூட்டியிருக்கும். அடுத்த சனிக்கிழமைவரை பொறுக்கலாமா என்று யோசித்தேன். அப்போது காலை மணி ஏழுதான். டேப்பை எடுத்துக்கொண்டு அப்போதே கிளம்பினேன்.

அறுத்த கதவுகள்

தூணடியில் உட்கார்ந்திருந்த இடத்துக்குத் திரும்புகிறேன். கால்பந்துப் பயிற்சிக்கு வந்த மொய்தீன் சார் என்னைப் பார்த்துவிட்டு வராந்தாவில் ஏறினார்.

"இன்னா கஸ்தூரி, தூணுக்குச் சொக்கா தைக்கப் போறியா? டேப்பெல்லாம் எடுத்துகினு வந்துக்கீற?"

"சார், அஞ்சடிக் கோடு அஞ்சடில இல்ல."

"பின்ன? பீச்சுக்குக் காத்து வாங்கப் போயிடுச்சா?"

"கோடு அங்கேயேதான் இருக்கு. தரைதான் மேல வந்துடுச்சு. அஞ்சு புள்ளி ரெண்டு சென்டி."

அவர் ஷூ முனையால் டைல்ஸைத் தேய்த்தார்.

"டைல்ஸ் போட்டவன்கிட்ட நான்தாம்மா சொன்னேன். மழ வந்தா தண்ணி உள்ள பூந்துடுது, நல்லா ஏத்திப் போடுப்பான்னு. கூட ஒரு ரவுண்டு சிமென்ட்டு போட வெச்சேன்."

"சட்டத்தையும் ஏத்தணும்னு தோணலையா சார்?"

"உனக்குத் தோணிச்சா? டிக் போட்டது நீதான?"

டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டேன்.

எங்கள் பக்கத்தில் தரையை உயர்த்துவது புதிய விஷயமே அல்ல. ரோட்டின்மேல் ரோடு போடுவார்கள். வீடு பள்ளத்துக்குள் போகும். மழைத்தண்ணீர் உள்ளே வரும். நாங்கள் தரையை ஏற்றுவோம். ஏற்றியதும் முதலில் செய்கிற வேலை, ஆசாரியைக் கூப்பிட்டு எல்லாக் கதவுகளின் அடியையும் அறுப்பது. விம்கோ நகரில் எங்கள் வீட்டுக் கதவுகளை இரண்டு தடவை அறுத்தாயிற்று. நெஞ்சுக்கு நேராக இருந்த சுவிட்ச் பெட்டி இப்போது இடுப்புக்கு இருக்கிறது. யாருக்கும் அது வித்தியாசமாகத் தெரிவதில்லை.

பள்ளியிலும் கதவுகளின் அடியை ஒழுங்காக அறுத்திருந்தார்கள். வெட்டிய இடத்தில் மரம் இன்னும் வெள்ளையாக இருந்தது. கதவு திறக்காவிட்டால் உடனே தெரியும். தூணில் இருக்கும் சட்டம் மூன்றடி உயரத்தில்தான் தொடங்குகிறது. அதற்குக் கீழே தரை எங்கே இருக்கிறது என்று அது யாருக்கும் சொல்லாது.

மொய்தீன் சார் படியில் உட்கார்ந்தார். "இந்த வருஷம் உங்க பசங்க நல்லா வளந்துருக்காங்கன்னு மெடிக்கல் டீம்ல கைகுடுத்துட்டுப் போனாங்கம்மா. நானும் எல்லாம் ஃபுட்பாலாலதான்னு சொல்லிக்கினு திரிஞ்சேன். ஒரே நாள்ல முன்னூறு பேரையும் குள்ளமாக்கிட்டியே."

"குள்ளமாகல சார். இருந்த இடத்துலதான் இருக்காங்க. எனக்கு அந்த உயர லிஸ்ட் வேணும். இந்த வருஷத்தோடது, போன வருஷத்தோடது, ரெண்டும்."

"எதுக்கு? எல்லாருக்கும் அஞ்சு சென்டி கழிச்சா முடிஞ்சுது."

"கழிச்சதுக்கு அப்புறம் யாரு வளரவே இல்லன்னு பாக்கணும்."

அவர் எழுந்து சாவியை எடுத்தார்.

பட்டியலின் அடியில்

விளையாட்டுச் சாமான்கள் அறைக்குள் பந்துகளின் தோல் வாசனைக்கு நடுவே மடிக்கணினியை வைத்துக்கொண்டேன். மருத்துவக் குழுவுக்கு ஒரே நாள்தான். அதனால் உயரங்களை மொய்தீன் சார் முன்கூட்டியே அளந்து கொடுத்துவிடுவார். அவர்கள் அதைப் பார்த்து அட்டையில் எழுதிக்கொள்வார்கள். இரண்டு வருடப் பட்டியலும் அவருடைய கையெழுத்தில் சுத்தமாக இருந்தன.

இந்த வருட உயரத்திலிருந்து 5.2 கழித்தேன். அதிலிருந்து போன வருட உயரத்தைக் கழித்தேன். வந்த எண்களைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தினேன். ஏழு, ஆறரை, ஐந்து, நாலு. அடியில் பூஜ்யத்தை ஒட்டிப் பதினைந்து பேர். பதினான்கு பேர் மேல்வகுப்புப் பிள்ளைகள், வளர்ந்து முடித்தவர்கள்.

பதினைந்தாவது பெயர் செலின். எட்டாம் வகுப்பு. வயது பதின்மூன்று. போன ஜூனில் 134.2. இந்த ஜூனில் அட்டையில் 139.8. உண்மையில் 134.6. ஒரு வருடத்தில் நாலு மில்லிமீட்டர்.

"யார் சார் இந்தப் பொண்ணு?"

"செலினா? கல்மண்டபத்துப் பொண்ணு. தூங்குமூஞ்சி. கிரவுண்டுல நிக்கவெச்சா நின்னுகினே தூங்கும்." சொல்லிவிட்டு நிறுத்தினார். "எல்லாரும் ஃபேனுக்கு அடியில எடம் புடிக்க அடிச்சிக்குவாங்க. இது மட்டும் குளுருதுன்னு செவுத்தோரம் போயி குந்திக்கும்."

நான் டாக்டர் இல்லை. ஆனால் வளர்ச்சி நின்றுபோய், எப்போதும் தூக்கமும் குளிரும் இருந்தால் ரத்தத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளும் அளவுக்கு ஆய்வகங்களில் நின்றிருக்கிறேன். அது தைராய்டாக இருந்தால் தினம் ஒரு மாத்திரை போதும். ஆனால் காத்திருக்கக் கூடாது. எலும்பின் நுனிகள் மூடிக்கொண்டால் பிறகு எந்த மாத்திரையும் உயரத்தைக் கொடுக்காது.

திங்கட்கிழமை அலுவலகத்திலிருந்து உயரமானியை எடுத்துப் போனேன். செலினை வரவழைத்தார் மொய்தீன் சார். சின்ன முகம், கொஞ்சம் உப்பிய கன்னங்கள், வறண்ட கை. வகுப்பே ஜன்னலில் தொங்கியது.

"இன்னாடி, அரை டிக்கெட்டுக்கு ஃபுல் டிக்கெட் குடுக்கப் போறாங்களா?" என்று ஒருத்தி கத்தினாள்.

"நீ மூடுடி, லக்கேஜு," என்றாள் செலின் திரும்பாமலே.

134.7. அவளிடம் எண்ணைக் காட்டினேன். தரை உயர்ந்த கதையையும் சொன்னேன். புரிந்துகொள்ள நேரம் எடுத்துக்கொண்டாள்.

"அப்ப நான் வளரவே இல்லியாக்கா?"

"அஞ்சு மில்லிமீட்டர் வளந்துருக்க."

"அஞ்சு சென்டி வளந்தேன்னு எங்கம்மா கிளாசுக்கே பூந்தி வாங்கிக் குடுத்துச்சு. துன்னவங்கள்லாம் இப்ப திருப்பிக் குடுப்பாங்களா?"

சிரித்தாள். பிறகு என்னைப் பார்க்காமல், "வளருவேனாக்கா?" என்றாள்.

"தெரியல. தெரிஞ்சுக்கலாம்."

யூனிபாரம்

செலினுடைய அம்மா ஸ்டெல்லா, லாரி டிரைவர்கள் சாப்பிடும் கடை ஒன்றில் சமைக்கிறார். துறைமுகத்துக்கு வெளியே, பூவரச மர நிழலில். சாயங்காலம் போனபோது பெரிய அண்டாவில் அரிசி கழுவிக்கொண்டிருந்தார். செலின் என்னை அடையாளம் காட்டிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து, ஐந்து நிமிடத்தில் தூங்கிப்போனாள்.

நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டே ஸ்டெல்லா அக்கா மூன்று தண்ணீர் மாற்றினார். பிறகு கையை உதறினார்.

"ரெண்டு வருசமா அதே யூனிபாரம். அடிய பிரிச்சு வுடவே இல்ல. எனக்குத் தெரியாதா? ஜூன் மாசம் டாக்டரம்மா வந்தப்போ ஒரு வேள லீவு போட்டுட்டுப் போயி நின்னேன். பொண்ணு வளரல, இன்னான்னு பாருங்கம்மான்னேன். கார்ட பாத்துட்டு, அஞ்சு சென்டிக்கு மேல வளந்துருக்காம்மா, போதும்னாங்க. சரி, படிச்சவங்க சொல்றாங்க, எங்கண்ணுதான் பொய் சொல்லுதுன்னு வந்துட்டேன். பூந்தி வேற வாங்கிக் குடுத்தேன்."

அண்டாவை ஓரமாக நகர்த்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எம்பொண்ணு எதுர்ல நிக்கிறா. கார்டு கையில கீது. கார்டத்தான் பாத்தாங்க. அந்தத் தூணு சரியாகீதுன்னு எவன் சொன்னது?"

"நான்தான் அக்கா. அளக்காமலே டிக் போட்டுட்டேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அடுப்பு இரைந்துகொண்டிருந்தது. பெஞ்சில் இருந்த டிரைவர் ஒருவர் சாம்பார் கேட்டார். ஸ்டெல்லா அக்கா போய் ஊற்றிவிட்டு வந்தார்.

"உன்ன திட்றதுக்கு எனக்கு இப்ப டைம் இல்ல. அப்புறம் திட்றேன். இன்னா பண்ணணும், அத்த சொல்லு."

கடிதம்

செய்ய வேண்டியது ஒன்றுதான். பள்ளி மருத்துவக் குழு அட்டையில் பரிந்துரை எழுதினால், அரசு மருத்துவமனையில் குழந்தைகளுக்கான ஹார்மோன் பிரிவுக்கு நேராகப் போகலாம். ஆனால் அட்டை 'இயல்பான வளர்ச்சி' என்றது. அட்டையைத் திருத்தாமல் குழு பரிந்துரை எழுதாது.

தலைமையாசிரியை தயங்கினார். "டாக்டர் கையெழுத்துப் போட்ட அட்டைம்மா. முன்னூறு அட்டை. நாமளா அடிச்சுத் திருத்தினா நாளைக்கு யாராவது கேள்வி கேட்பாங்க. அடுத்த ஜூன்ல எப்படியும் குழு வரும். அப்போ சட்டத்தை மாத்தி, சரியா எழுதிக்கலாமே?"

"ஜூனுக்குப் பத்து மாசம் இருக்கு, மேடம்."

பழைய பதிவேட்டைத் திறந்து அவர் மேசையில் வைத்தேன். கூடவே என் கடிதத்தையும். கடிதத்தில் மூன்று வரிகள்: உயர அளவுகோலை நான் சோதிக்காமலே சரி என்று குறித்தேன். அதில் 5.2 சென்டிமீட்டர் பிழை இருக்கிறது. இந்த ஆண்டு உயரங்கள் அனைத்தும் தவறு. கீழே கையெழுத்து, அலுவலக முத்திரை. அதன் நகல் என் மேலாளருக்கும் போனது. அவர் இரண்டு மாதம் என்னை வெளிவேலைக்குத் தனியாக அனுப்பவில்லை. அது நியாயம்தான்.

தலைமையாசிரியை சிவப்புக் கோடுகளை நெடுநேரம் பார்த்தார். "இவர் யாருன்னு தெரியுமா?" என்று கேட்டார்.

"கையெழுத்து புரியல மேடம்."

"முழு வருஷத்தையும் அடிச்சிருக்காரே," என்றார். பிறகு மருத்துவக் குழுவுக்கு போன் செய்தார்.

சட்டத்தைக் கழற்றி மேலே ஏற்றியது மொய்தீன் சாரே. நான் டேப்பைப் பிடித்தேன். திருகாணி ஏறும்போது, "இப்பவாவது ஒழுங்கா பாத்து டிக் போடு தாயி," என்றார். இரண்டு நாளில் முன்னூறு பேரையும் மறுபடி அளந்தார். மருத்துவக் குழு டாக்டர் வந்து, ஒவ்வோர் அட்டையிலும் பழைய எண்ணைப் படிக்கிறமாதிரி அடித்துவிட்டுப் புதியதை எழுதினார். முதலில் திருத்தியது செலினுடையதை. ஸ்டெல்லா அக்காவிடம், "அன்னைக்கு நீங்க சொன்னதை நான் கேட்டிருக்கணும்," என்றார். அக்கா தலையை மட்டும் ஆட்டினார்.

மணிக்கட்டு எக்ஸ்ரே

மருத்துவமனைக்கு செலின், ஸ்டெல்லா அக்கா, நான் மூவரும் போனோம். ரத்தம் எடுத்தார்கள். இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து முடிவு வந்தது. தைராய்டு ஏறக்குறைய வேலையே செய்யவில்லை. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, எலும்புகளுக்கு நடுவே இருந்த கறுப்பு இடைவெளிகளைக் காட்டினார்.

"வயசு பதின்மூணு. எலும்பு பத்து வயசுப் பொண்ணோடது மாதிரி இருக்கு. இன்னும் மூடல. அது நமக்கு நல்லது. வளர இடம் இருக்கு."

"விட்டுப்போன வருசம்லாம் திரும்ப வருமா சார்?" என்று கேட்டார் ஸ்டெல்லா அக்கா.

"கொஞ்சம் வரும். எவ்வளவுன்னு இப்ப சொல்ல முடியாதும்மா."

வெளியே வந்ததும் ஸ்டெல்லா அக்கா அப்புறம் திட்டுவதாகச் சொன்னபடியே திட்டினார். மருத்துவமனை வாசலில், பழக்கடைக்குப் பக்கத்தில், நல்ல சத்தமாக. செலின் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அக்கா முடித்ததும் மூன்று பேரும் ஒரே ஷேர் ஆட்டோவில் ஏறினோம்.

இன்றைய நிலை

இதை எழுதுவது மார்ச் மாதத்தில். செலின் தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை போடுகிறாள். ஆறு மாதத்தில் இரண்டு நாள் மறந்திருக்கிறாள். வகுப்பில் தூங்குவதில்லை, அதிகம் பேசுகிறாள் என்று இப்போது புகார். அடுத்த ரத்தப் பரிசோதனை ஏப்ரலில். மாத்திரை ஆயுள்முழுதும் தேவைப்படலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கடைசியில் எவ்வளவு உயரம் வருவாள் என்று யாருக்கும் தெரியாது.

போன சனிக்கிழமை நானே அளந்தேன். மூன்று முறை. 138.9.

போன ஜூனில் அட்டை சொன்ன 139.8-க்கு இன்னும் ஒன்பது மில்லிமீட்டர் இருக்கிறது.